தகர வேலியில் சிரிக்கும் அம்மாவுக்கு

என் அம்மாவுக்கு,

நலமா என்று கேட்கப்போவதில்லை. நேற்றுத்தான் உன்னைப் பார்த்தேன். தி.நகரில் நம் கடை இருந்த கட்டடத்தைச் சுற்றித் தகர வேலி அடித்திருக்கிறார்கள். அதில் இரண்டு ஆள் உயரத்துக்கு நின்று சிரித்துக்கொண்டிருக்கிறாய். கையில் கத்தரிக்கோல், தோளில் டேப். உன் மூக்குத்தி மட்டுமே ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு இருக்கிறது. கீழே கொட்டை எழுத்தில் 'நினைவுகளைப் போற்றுகிறோம்' என்று போட்டிருக்கிறார்கள். வேலிக்குப் பின்னால் பொக்லைன் இடிக்கிற சத்தம் கேட்கிறது.

நடந்ததை உனக்குச் சொல்ல வேண்டும். நிதானமாகச் சொல்லப் பார்க்கிறேன். கத்தினால் வாசகர்கள் ரசிப்பார்கள், ஆனால் நம்ப மாட்டார்கள். பத்திரிகையில் எழுதிப் பிழைக்கிறவனுக்கு இது தெரியும்.

முதலில் கட்டடத்தின் வரலாறு. உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் இப்போது அச்சடித்துக் கொடுக்கிற வரலாறு வேறாக இருக்கிறது. வழுவழுக் காகிதத்தில் ஒரு சின்னப் புத்தகம் போட்டிருக்கிறார்கள். மூலையில் வளைந்து திரும்பும் அந்தப் பால்கனி, ஐரோப்பியக் கட்டடக் கலையின் தென்னிந்திய வாரிசு என்கிறது அது. கட்டடத்துக்காரப் பெரியவர் ஏதோ ஒரு சினிமா கொட்டகையின் மாடியைப் பார்த்து ஆசைப்பட்டார் என்றும், மேஸ்திரி டிக்கெட் எடுத்துக்கொண்டு உள்ளே போய் இடைவேளையில் அளந்துகொண்டு வந்தார் என்றும் நீ சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஐரோப்பா அந்தப் பக்கம் வந்ததாகத் தகவல் இல்லை.

மாடியில் முதலில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். பிறகு லாட்ஜ். அப்புறம் ஒரு சீட்டுக் கம்பெனி. அது ஒரு திங்கட்கிழமை திறக்கவேயில்லை. அதன் பிறகு கம்ப்யூட்டர் வகுப்பு. கீழே வரிசையாகக் கடைகள். நம்முடையதை ஒட்டி கரீம் பாயின் ஜிப், பட்டன் கடை. புத்தகத்தில் இவர்கள் யாரும் இல்லை. 'பல்வேறு வணிகங்கள்' என்று எல்லோரையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டார்கள். உனக்கு மட்டும் முழுப் பக்கம். செத்துப்போனவர்களுக்குத்தான் இந்தச் சலுகை. கரீம் பாய் இன்னும் உயிரோடு இருப்பதால் அவருக்கு ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை.

அந்த முழுப் பக்கத்திலும் நீ என்ன செய்தாய் என்று இல்லை. 'வண்ணங்களின் அரசி' என்று இருக்கிறது. இதைப் படித்தால் நீ எப்படி முறைப்பாய் என்று எனக்குத் தெரியும்.

நீ மேட்சிங் கடை வைத்திருந்தாய். பெரிய ஜவுளிக்கடையில் புடவை வாங்கியவர்கள் அதற்குப் பொருத்தமான ரவிக்கைத் துணிக்கு உன்னிடம் வருவார்கள். முதலில் வராந்தாவில் ஒரு டிரங்குப் பெட்டியோடு உட்கார்ந்தாய். ஒரு மழைக்காலத்தில் பெரியவரே கூப்பிட்டு உள்ளே ஓர் அறை கொடுத்தார். கடைக்குள் எத்தனை விளக்கு இருந்தாலும் அந்த வெளிச்சத்தில் நீ துணியை வெட்டியதே இல்லை. புடவைத் தலைப்பையும் துணியையும் எடுத்துக்கொண்டு, வந்தவரையும் கூட்டிக்கொண்டு நடைபாதைக்குப் போவாய். வெயிலில் இரண்டையும் சேர்த்துப் பிடிப்பாய். "இருங்கம்மா, அந்த பஸ் போகட்டும். அதோட செவப்பு துணி மேல அடிக்குது" என்பாய். பஸ் போகும். அப்புறம்தான் கத்தரி.

பெரிய கடையின் தங்க விளக்கில் மாம்பழ மஞ்சளாக இருந்த புடவை, நம் நடைபாதையில் கடுகு நிறமாகிவிடும். வாங்கிய பெண்ணின் முகம் சுருங்கும். நீ அந்தப் பெரிய கடையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மாட்டாய். "இதுவும் நல்ல கலர்தாம்மா, இதுக்கு வேற துணி காட்டறேன்" என்று உள்ளே போவாய். அந்த நாகரிகம் எனக்கு வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

உனக்குப் பிறகு உன் மகள், செல்வி அக்கா, அதே மாதிரிதான் நடத்தினாள். மெட்ரோவுக்குத் தோண்டிய பள்ளத்தால் நடைபாதை பாதியாகக் குறைந்தபோதும், மீதிப் பாதியில் நின்று துணி பிடித்தாள். அவளுக்கு வேறு வாழ்க்கை கிடையாது. வேண்டும் என்று கேட்டதும் கிடையாது.

பெரியவரின் பேரன் விக்ரமை நீ பார்த்ததில்லை. வெளிநாட்டில் படித்தவர். கோபாலபுரத்து பங்களாவில் இருக்கிறார். ரொம்ப மரியாதையான பிள்ளை. இந்த நகரத்தின் பழைய கடைகள் என்றால் அவருக்கு உயிர். ஞாயிற்றுக்கிழமை காலையில் தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாக ஒரு கூட்டத்தைக் கூட்டிவந்து நம் கடை வாசலில் நிறுத்துவார். இப்படிப்பட்ட இடங்களை நாம் இழந்துவிடக் கூடாது என்று உருகுவார். கூட்டம் படம் எடுத்துக்கொள்ளும். துணி வாங்காது. அப்படி ஒரு ஞாயிறு கழிந்த அதே வாரத்தில் கடையைக் காலி செய்யச் சொல்லி வக்கீல் நோட்டீஸ் வந்தது. அனுப்பியவரும் அவர்தான்.

அக்கா அந்த நோட்டீசை இரண்டு தடவை படித்தாள். ஞாயிற்றுக்கிழமை வந்தவரும் இதை அனுப்பியவரும் ஒரே ஆள்தானா என்று என்னைக் கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் நம்பவில்லை. எனக்கும் அவளுக்கு விளக்கத் தெரியவில்லை. உனக்குத் தெரிந்திருக்குமா?

கரீம் பாய்க்கு மட்டும் விளக்கமே தேவைப்படவில்லை. "இன்னா தம்பி, இதுல புரியாததுக்கு இன்னா கீது? உசுரோட இருக்கச்சொல்லவே மாலை போட்டுட்டான். அப்புறம் சுடுகாட்டுக்கு எடுத்துக்கினு போவாம வுடுவானா?" என்றார். அந்த மாதமே கடையைக் காலி செய்துவிட்டு நங்கநல்லூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார்.

கோர்ட்டுக்குப் போகலாம் என்று நான் குதித்தேன். அக்கா கேட்கவில்லை. கேஸ் நடக்கும்வரை கடை நடக்காது, தான் கடைதான் நடத்த வேண்டும், கேஸ் இல்லை என்றாள்.

விக்ரம் நம்மைக் கைவிடவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். கட்டடத்தின் முகப்பை மட்டும் நிறுத்திவைத்து, பின்னால் உள்ளதை எல்லாம் எடுத்துவிட்டு, பெரிய பட்டுக் கடை கட்டுகிறார்கள். இதற்குப் பாரம்பரியப் பாதுகாப்பு என்று பெயர். அந்தக் கடையின் தரைக்குக் கீழே உள்ள தளத்தில் 'பழைய தி.நகர்' என்று ஒரு மூலை வரப்போகிறது. அங்கே உன் மர கவுன்ட்டர், உன் கத்தரிக்கோல், சுவரில் வரைந்த ஒரு தெரு, அதற்கு மேலே சூரிய வெளிச்சம் தருகிற விளக்கு. வருகிறவர்கள் ஒரு துணியை அதில் பிடித்துப் பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளலாம். சனி, ஞாயிறில் அக்கா வந்து உட்கார்ந்தால் இன்னும் உயிரோட்டமாக இருக்குமாம்.

இதை அவர் எங்கள் வீட்டுக்கே வந்து சொன்னார். அக்கா கடைசிவரை கேட்டாள். காபியும் கொடுத்தாள்.

"அந்த விளக்கு நிஜ வெயில் மாதிரியே இருக்குமா தம்பி?"

"அப்படியே இருக்கும் ஆன்ட்டி. ஸ்பெஷலா வரவழைக்கறோம்."

"மழை வந்தா அணைச்சிடுவீங்களா?"

அவர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. அவளுக்கு உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. மழை நாளில் நீ பட்டுக்கு மேட்சிங் வெட்ட மாட்டாயே, நாளைக்கு வாங்கம்மா என்று அனுப்பிவிடுவாயே. அந்தக் கணக்கில் கேட்டாள்.

அக்கா அந்த மூலைக்குப் போகவில்லை. மயிலாப்பூரில், குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் சின்ன அறை பிடித்திருக்கிறாள். கிழக்குப் பார்த்த வாசல். வெயில் மதியம் வரைதான், அதனால் கடையும் மதியம் வரைதான். துணிகளை எல்லாம் அடுக்கிவிட்டாள். குறை ஒன்றே ஒன்றுதான். யாரும் வருவதில்லை.

ஏன் வருவார்கள்? உன்னிடம் வந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்குக் கடையின் பெயர் தெரியாது. "வளைஞ்ச பால்கனிக்குக் கீழே ஒரு அம்மா இருப்பாங்க" என்று ஒருவருக்கு ஒருவர் வழி சொல்லித்தான் வந்தார்கள். இப்போது பால்கனி இருக்கிறது, கீழே அம்மாவும் இருக்கிறாள், இரண்டு ஆள் உயரத்துக்கு. கடைதான் இல்லை. கல்யாணப் புடவையோடு வருகிறவர்கள் உன் படத்தைப் பார்த்து, பாவம், போய்விட்டாள், கடையையும் மூடிவிட்டார்கள் என்று முடிவுகட்டித் திரும்பிப் போகிறார்கள். போன வாரம் என் கண் முன்னாலேயே தாயும் மகளுமாக இரண்டு பேர் அப்படித் திரும்பினார்கள். ஓடிப்போய் முகவரி சொன்னேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு ஆட்டோ ஏறினார்கள்.

அக்கா விக்ரமிடம் கேட்டது ஒன்றுதான். அந்த வேலியில் ஒரு முழ அகலத்துக்குப் புது முகவரியைப் போட வேண்டும். வேறு எதுவும் கேட்கவில்லை, அம்மா. அவர் ரொம்ப வருத்தப்பட்டார். வேலியின் வடிவமைப்பை யாரோ பெரிய டிசைனர் செய்திருக்கிறாராம், நடுவில் எதைப் போட்டாலும் உன் முகத்தின் அழகு கெட்டுவிடுமாம்.

உன் முகத்தின் அழகுக்காக உன் மகள் பட்டினி கிடக்கலாம் என்பது ஏற்பாடு.

நான் ஒரு தாளில் முகவரியை எழுதி, உன் புடவைக் கொசுவத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டு வந்தேன். மறுநாள் இல்லை. திரும்ப ஒட்டினேன். வாட்ச்மேன் வந்தார், பாவம், தன்மையான மனிதர். "சார், நீங்க ஒட்டிக்கினே இருந்தா நான் கிழிச்சிக்கினே இருக்கணும். எனக்கு அதான் வேலை. உங்களுக்கு வேற வேலை இருக்குமில்ல?" என்றார். எனக்கும் இதுதான் வேலை என்று சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, நான் ஒட்டுகிறபோது அவர் டீ குடிக்கப் போய்விடுவதாகவும், தன் ஷிஃப்ட் முடிகிறபோதுதான் கிழிப்பதாகவும் ஒத்துக்கொண்டார். இந்த விவகாரத்தில் அக்காவுக்குக் கிடைத்த ஒரே சலுகை இதுதான், அதுவும் வேலிக்கு வெளியே நிற்கிறவரிடமிருந்து.

இப்போது அழைப்பிதழ் வந்திருக்கிறது. பட்டுக் கடைக்கு அடிக்கல் நாட்டும் விழாவில் 'வண்ணங்களின் அரசி'யின் மகன் என்ற முறையில் எனக்குப் பொன்னாடை. கட்டடத்தின் வரலாற்றைப் பற்றி நான் சில நிமிடம் பேச வேண்டும். டி.வி.க்காரர்கள் வருவார்கள், பட்டு வாங்குகிற கூட்டமும் வரும். அக்காவையும் மேடையில் உட்காரக் கூப்பிட்டிருக்கிறார்கள். அன்றைக்குக் காலையில் கடை இருக்கிறது, வர முடியாது என்று சொல்லிவிட்டாள்.

நான் வருகிறேன் என்று பதில் போட்டேன். அன்று ராத்திரியே ஒரு பேச்சு எழுதினேன். எழுதியதிலேயே நல்லது என்று நினைக்கிறேன். விக்ரம், டிசைனர், வழுவழுப் புத்தகம், இல்லாத ஐரோப்பா, ஒருவரையும் விடவில்லை. அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் ஒரு மஞ்சள் துணியின் ஓரத்தைச் சரிபார்த்துக்கொண்டே கேட்டாள்.

"எல்லாம் நல்லாத்தான்டா இருக்கு. இதைக் கேட்டுட்டு ஒருத்தியாவது என் கடைக்கு வருவாளா?"

நான் தாள்களை மடித்தேன்.

"கைதட்டிட்டுப் போயிடுவாங்க. நீ திட்டாதே. வழியைச் சொல்லு."

பேச்சைக் கிழித்துவிட்டேன், அம்மா. வருத்தமாகத்தான் இருக்கிறது. அதில் நாலைந்து வாக்கியங்கள் உண்மையிலேயே நன்றாக வந்திருந்தன. கோபம் குறைந்துவிட்டதாக நினைக்காதே. துளியும் குறையவில்லை. ஆனால் கோபத்துக்கு ரவிக்கைத் துணி தேவைப்படாது.

உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். அவர்கள் போர்த்துகிற பொன்னாடையை வாங்கிக்கொள்வேன். மைக்கைப் பிடித்து, இந்தக் கட்டடத்தின் வரலாற்றில் இன்னும் முடியாத ஒரு பகுதியைச் சொல்கிறேன் என்று ஆரம்பிப்பேன். பிறகு இதை மட்டும், நிதானமாக, மைக்கை அணைக்கிறவரை திரும்பத் திரும்பச் சொல்வேன்: மயிலாப்பூர் குளத்தைத் தாண்டினால் பாத்திரக் கடை வரும். அதை ஒட்டி ஒரு சந்து. உள்ளே மூன்றாவது வாசல். போர்டு இருக்காது, வாசலில் ஓர் அம்மா துணியை வெயிலில் பிடித்துக்கொண்டு நிற்பாள். மதியத்துக்குள் போங்கள். வாங்கிய புடவையையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.

உன் மகன்,
செல்வியின் தம்பி