தப்பி வந்தவர்கள்

அன்புள்ள வீட்டுக்காரம்மாவுக்கு,

இன்று காலை ரவி ஒரு பை நிறையப் பச்சைத்தோல் பீஜோவாப் பழத்தோடு என் வாசலில் நின்றான். அந்த வாசம் மூக்கில் ஏறியதும் உங்கள் ஞாபகம்தான் வந்தது. கதவுச் சங்கிலியைக் கழற்றாமல் அவனை ஏற இறங்கப் பார்த்தேன். உங்களிடம் பழகிய பார்வை அது.

ஊரை விட்டு இந்த நாட்டுக்கு வந்து, பாபடோயிட்டோயில் உங்கள் வீட்டுப் பின்னறைக்கு நான் வாடகைக்கு வந்த புதிதில் என்னையும் அப்படித்தான் பார்த்தீர்கள். நான் கறி தாளிக்கும்போதெல்லாம் குசினிக்குள் வந்து சட்டியை எட்டிப் பார்ப்பீர்கள். வெள்ளைக்காரி வேவு பார்க்கிறாள் என்று நானும் என் பெட்டியைப் பூட்டிவிட்டுத்தான் வேலைக்குப் போவேன். ஆளுக்கொரு தம்பியைக் கடலில் பறிகொடுத்தவர்கள் என்று தெரிந்த பிறகுதான் நமக்குள் பேச்சு வந்தது.

உங்கள் தம்பி உலகப் போரில் குண்டுவீச்சு விமானத்தின் வால் பக்கத்தில் துப்பாக்கியோடு இருந்தவர். விமானம் கடலில் விழுந்தது. மற்றவர்களைப் படகு வந்து மீட்டது. அவருடைய உடல்கூடக் கிடைக்கவில்லை. அரை நூற்றாண்டாகியும், மீண்டவர்களில் ஒருவர் ஒவ்வொரு இலையுதிர்காலமும் தன் தோட்டத்துப் பீஜோவாவோடு உங்களைப் பார்க்க வருவார். நீங்கள் பையை வாங்குவீர்கள்; ஆளை உள்ளே விடமாட்டீர்கள்.

"ஒன்றும் மறைக்காதவன் எதற்கு வருடாவருடம் பழம் சுமக்கிறான்?" என்பீர்கள். அவர் ஏதோ சொல்ல வாயெடுப்பார். நீங்கள் நன்றி சொல்லிக் கதவைச் சாத்திவிடுவீர்கள். உங்கள் இறுதிச் சடங்கிலும் அவர் தேவாலயத்தின் கடைசி வாங்கில்தான் இருந்தார்.

ரவி என் தம்பியோடு ஒரே படகில் ஏறியவன். ஊரில் நடந்த போருக்குப் பயந்து மன்னாரிலிருந்து இந்தியாவுக்குப் போன படகு. அது கவிழ்ந்து, இவன் மட்டும் கரை சேர்ந்தான். இப்போது இங்கே பென்ரோஸில் ஒரு பண்டகசாலையில் வேலை. "இருட்டில ஒண்டும் தெரியேல்லை" என்று என் அம்மாவிடம் சொன்னானாம். நான் அதை ஒருநாளும் நம்பவில்லை.

"அக்கா, ஒருக்கா உள்ளுக்க வந்து கதைக்கலாமோ?" என்றான்.

கதவைச் சாத்தத்தான் கை போனது. உங்கள் வாசலுக்கு வந்த அந்த மனிதர் சொல்ல வந்தது என்னவென்று தெரியாமலேயே நீங்கள் போய்விட்டீர்களே என்று நினைத்தேன். சங்கிலியைக் கழற்றினேன்.

கதிரையில் இருந்தவன் தேத்தண்ணியைத் தொடவில்லை. "அவன்ர கை என்ர கையிலதான் இருந்தது, அக்கா. எனக்கு ஏலாமப் போச்சு. விட்டிட்டன்."

நான் சந்தேகப்பட்டது சரிதான். அதில் ஒரு திருப்தியும் இல்லை. அவனை அறைய வேண்டும் போல இருந்தது, அழுகையும் வந்தது.

"கடைசியா என்ன சொன்னவன்?" என்று கேட்டேன்.

"ஒண்டும் சொல்லேல்லை" என்றான், நிலத்தைப் பார்த்தபடி.

என் தம்பி ஒருநாளும் வாய் மூடி இருந்தவன் அல்ல. ரவி இன்னும் எதையோ மறைக்கிறான். அதனால் அடுத்த ஞாயிறு சாப்பிட வரச் சொல்லியிருக்கிறேன்.