நான் மடித்த பூப்பொட்டலம்

அன்பு நாத்தனார் நதியாவுக்கு, உன் அண்ணன் பெண்டாட்டி வேலாத்தாள் நெருப்பெரிச்சலில் இருந்து எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அங்கே நீ சுகமா என்று கேட்கத்தான் வாய் வரவில்லை.

அஞ்சாவதோடு நின்றவள் கடிதம் எழுதுகிறாளா என்று சிரிப்பாய். சிரி கண்ணு. போனில் பேசினால் உன் வீட்டுக்காரர் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார். அதனால்தான் பாவாடை மடிப்புக்குள் வைத்து ஐதராபாத்துக்குப் பார்சல் போடுகிறேன். பாவாடையைப் பிரித்துப் பார்க்கும் பொறுமை அவருக்குக் கிடையாது.

உன் அண்ணன் சாயப்பட்டறைக்குப் போய், ஒரு நாள் நீலக் காதோடும் ஒரு நாள் பச்சைக் காதோடும் வருகிறார். வர்ஷினி எட்டாவது படிக்கிறாள். என்னைப் பனியன் கம்பெனிப் பேக்கிங்கில் சூப்பர்வைசர் ஆக்கிவிட்டார்கள். டீ குடிக்க எனக்கு நானே பர்மிஷன் கொடுத்துக்கொள்கிறேன்.

போன மாதம் நம் பக்கத்து வீட்டு ஆஷா அங்கே வந்து உன்னைப் பார்த்தாளே, கையில் மாவுக்கட்டு என்றாள். வழுக்கி விழுந்தேன் என்றாயாம். போன வருஷமும் வழுக்கித்தான் விழுந்தாய். கூட வந்துவிடு என்று அவள் கூப்பிட்டதற்கு, ஆத்தா பூக் குடுத்து நடந்த கண்ணாலமுங்க அக்கா, அவ பாதத்துல போட்டாச்சு, அவ பாத்துக்குவா என்றாயாம்.

அதைக் கேட்டதில் இருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

மாகாளியம்மன் கோயிலில் உனக்குப் பூக் கேட்டோமே. வெள்ளை அரளி வந்தால் ஆத்தா சம்மதம், சிவப்பு வந்தால் வேண்டாம். உனக்கு அந்த மாப்பிள்ளை மேல் மனசே இல்லை. ஆனாலும் ஆத்தா சொன்னால் சரி என்று கண்ணை மூடி நின்றாய். ரெண்டு பூவையும் பொட்டலமாக மடிக்க நான்தான் முந்திக்கொண்டு போனேன். பேக்கிங்காரி நான் இருக்க உங்களுக்கு எதுக்குங்க சிரமம் என்று பூசாரியைக் கேலி செய்தேன். அப்போது குட்டிப் பிள்ளையாக இருந்த என் மகள் வர்ஷினி ஒன்றை எடுத்தாள். வெள்ளை.

இன்னொன்றிலும் வெள்ளைதான் கண்ணு. சிவப்பு என் இடுப்பில் இருந்தது.

ஒரே அறையில் நாலு பேர் படுத்திருந்தோம். உனக்கும் எங்களுக்கும் நடுவே கொடியில் ஒரு சேலைதான் மறைவு. நீ போனால் போதும் என்று இருந்தது எனக்கு. அவ்வளவுதான், வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

உன் அண்ணனிடம் சொல்லிவிட்டேன். மூன்று நாள் என் கையால் தண்ணீர்கூட வாங்கவில்லை. நேற்றுத்தான் வாய் திறந்தார். அவளைக் கூட்டியாரதுக்கு ஆத்தாகிட்டப் பூக் கேக்கலாமா என்றார். பொறந்த ஊட்டுக்கு வாரதுக்கு எதுக்குங்க பூ என்றேன்.

ஆத்தா உன்னைப் பார்த்துக்கொள்வாள். அதில் எனக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் உன்னை அங்கே அனுப்பியது அவள் இல்லை, நான். அவள் பெயரைச் சொல்லி நீ அங்கே அடி வாங்காதே.

வருகிற ஞாயிறு காலையில் உன் அண்ணன் வாசலில் நிற்பார். செருப்பை மாட்டிக்கொண்டு அவர் பின்னால் வந்துவிடு. வந்து என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. கொடியில் அந்தச் சேலையைத் துவைத்து மறுபடியும் கட்டியிருக்கிறேன். இந்த முறை ஃபேன் உன் பக்கம்.

ஆத்தா உனக்கு வழித்துணை வரட்டும்.

உன் நங்கையா
வேலாத்தாள்