தலையணைக்கடியில் ஒரு கொத்து

அம்மாவுக்கு, இத்தாலி பொலோனியாவிலிருந்து இலிங்கா. முழங்கால் வலி தேவலையா? நான் சுகம்.

தம்பி கிரிகோரேக்கு என் ஸ்டெம் செல்லை ஏற்றிப் பதினாறு நாளாகிறது. லேசாகக் காய்ச்சல். மூச்சுக்குக் குழாய் வைத்திருக்கிறார்கள். பயப்படாதே.

பாதிரியார் ஜெபித்துக் கொடுத்ததென்று நீ அனுப்பிய திருநீற்றுப்பச்சைக் கொத்தை அவன் தலையணைக்கடியில் நான்தான் வைத்தேன். இப்போது நுரையீரலில் பூஞ்சை. காய்ந்த இலையிலிருந்து அது வருமென்று, இதே ஆஸ்பத்திரியில் இவனைப் போன்றவர்களின் அறைகளைத் துடைக்கிற எனக்குத் தெரியும். தெரிந்தும் வைத்தேன். குற்றம் என்னுடையது, உன்னுடையது இல்லை.

"காஞ்ச செடி எதாவது உள்ள வந்துச்சாம்மா?" என்று டாக்டர் கேட்டார்.

"இல்லீங்க டாக்டர்."

"மறைக்காதம்மா. தெரிஞ்சா மருந்த மாத்தலாம். அவனுக்கு நேரமில்ல."

சொல்லிவிட்டேன். மருந்தை மாற்றினார்கள். என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள், உள்ளேயும் விடுவதில்லை. கண்ணாடிக்கு வெளியே நிற்கிறேன். அவன் திரும்பிப் பார்ப்பதில்லை.

இனிக் கொத்து அனுப்பாதே. என் கம்பளிக் காலுறையை அனுப்பு, இங்கே தரை சில்லிட்டுக் கிடக்கிறது.

டாக்டர் கூப்பிடுகிறார். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் ஜெபத்துக்குப் பெயர் எழுதித் தரும்போது, கிரிகோரேயை உயிரோடிருப்பவர்கள் தாளில் எழுது. யார் என்ன சொன்னாலும், என் கடிதம் வராமல் இன்னொரு தாளை எடுக்காதே.

இலிங்கா