உங்கள் தங்கை கைக்கு வரும் ஓடிபி

அன்புள்ள உங்களுக்கு,

அத்தைக்கு இருமல் குறைந்திருக்கிறது. குளியலறைக் குழாய் மட்டும் இன்னும் ஒழுகுகிறது. பிளம்பர் நாளைக்கு, நாளைக்கு என்கிறார். உங்களோடு வேலை செய்யும் வெல்டர் விடுப்பு முடிந்து கிளம்புகிறார். அவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் போனை எடுத்தாலே உங்கள் தங்கை பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறாள். அண்ணனா, குடுங்க அண்ணி என்று வாங்கினால், திரும்பி வரும்போது போனில் சூடுதான் இருக்கிறது, நீங்கள் இல்லை.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். முதல் தடவை வெளிநாடு கிளம்பும்போது, நம் இருவர் பேரிலும் உள்ள வங்கிக் கணக்குக்கு அவள் போன் நம்பரைக் கொடுத்துவிட்டுப் போனீர்கள். வேலை இடத்தில் உங்களுக்கு சிக்னல் இல்லை, அவள்தான் எப்போதும் வீட்டில் இருக்கிறாள் என்றீர்கள். நானும் தலையாட்டினேன். அந்தக் கணக்கில் விழுவது என் தையல் கம்பெனிச் சம்பளம். நாள் முழுக்க மெஷினில் கழுத்து ஒடியக் குனிந்து சம்பாதித்ததைச் செலவழிக்க, அவள் அறை வாசலில் போய் நிற்கிறேன்.

போனில் ஒரு பொருள் வாங்குவது என்ன பாடு தெரியுமா? முதலில் பாஸ்வேர்டு. பிறகு வரிசையாகப் படங்களைக் காட்டி, எதிலெல்லாம் சிக்னல் விளக்கு இருக்கிறது என்று கேட்கும். வெறும் கம்பம் தெரிந்தால் அது விளக்கா, இல்லையா? தப்பாகத் தொட்டால் மறுபடி முதலிலிருந்து. நான் மனுஷிதான் என்று அது ஒருவழியாக ஒப்புக்கொண்ட பிறகு, அவள் போன் டிங் என்கிறது. அதில் ஓடிபி எண் மட்டுமா வருகிறது? கடைப் பேர், விலை எல்லாம் சேர்ந்து வருகிறது.

நீங்கள் விடுப்பில் வருவதற்கு முந்தின வாரம் உள்ளாடை வாங்கினேன். கூடத்தில் அத்தையும் உங்கள் தங்கை வீட்டுக்காரரும் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்ன அண்ணி, இம்புட்டு விலைக்கா, உள்ள போடுறத யாரு பார்க்கப் போறா என்று அவர்கள் காதுபடவே கேட்டுச் சிரித்தாள். சிரித்து முடித்த பிறகுதான் எண்ணைச் சொன்னாள். அதற்குள் நேரம் முடிந்துவிட்டது. மறுபடி சிக்னல் விளக்கு.

எனக்குப் பொறாமைதான். மூடி மறைக்கவில்லை. எண்ணுக்காக நிற்கும்போதெல்லாம் அவள் போனில் உங்கள் குரல் ஓடுகிறது. உங்கள் போர்மேன் மாதிரியே பேசிக்காட்டி அவளைச் சிரிக்க வைக்கிறீர்கள். எனக்கு வருவது சாப்பிட்டேன், தூங்கப் போறேன், அவ்வளவுதான். உங்கள் முழங்கால் வீங்கியிருந்ததே எனக்கு அவள் வாயால்தான் தெரிந்தது. அய்யோ அண்ணி, உங்ககிட்ட சொல்லலையா என்றாள். அதைக் கேட்கும்போது அவள் முகத்தில் எத்தனை பூரிப்பு! சொந்தப் புருஷன் காலைப் பற்றி நாத்தனாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிற பெண்டாட்டி நான்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு சின்னப் பொருள் வாங்கப் பார்த்தேன். மருந்துக் கடையில் விற்பது. தெருமுனைக் கடையில் நிற்பவரோ அவள் வீட்டுக்காரர். வேறு கடைக்குப் போகலாமென்றால், கம்பெனி வண்டி வாசலில் ஏற்றி வாசலில் இறக்கிவிடுகிறது. அதனால்தான் போனில் தேடி, கம்பெனி முகவரிக்கு வரச் சொன்னேன். எண் வந்ததுமே ஓடி வந்துவிட்டாள். மருந்துக் கடைன்னு வருதே அண்ணி, யாருக்கு என்ன என்றாள். தலைவலி மாத்திரை என்றேன். அதைத்தான் இவரே கொண்டு வருவாரே என்று நகராமல் நின்றாள். விட்டால் வாங்கியே கொடுத்துவிடுவாள். நான் பணம் கட்டிவிட்டாலோ, என்ன பொருள் என்று பார்க்காமல் விடமாட்டாள். அவள் சொன்ன எண்ணை வேண்டுமென்றே தப்பாக அடித்தேன். அவள் திருத்தத் திருத்த, நானும் தப்பாகவே அடித்தேன். கார்டு பூட்டிக்கொண்டது.

அரைநாள் லீவு போட்டு வங்கிக்குப் போனேன். கணக்கில் முதல் பேர் உங்களுடையதாம். உங்கள் கையெழுத்து இல்லாமல் கார்டையும் திறக்க முடியாது, நம்பரையும் மாற்ற முடியாதாம். சம்பளம் யாருதும்மா என்று கவுன்டர் பெண்ணிடம் கேட்டேன். அது சிஸ்டத்துக்குத் தெரியாது மேடம் என்றாள்.

நீங்கள் திரும்பிப் போனதிலிருந்து மெஷின் எண்ணெய் வாடை எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. முகம் கழுவிட்டு வாம்மா என்று சூப்பர்வைசரே எழுப்பி அனுப்புகிறார். சோற்றை வடித்தாலும் அப்படித்தான். வீட்டில் யாருக்கும் தெரியாது.

வங்கிப் படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டு, விடுப்பில் வருகிற யாரிடமாவது சீக்கிரம் கொடுத்தனுப்புங்கள். என் நம்பரை எழுதிவிட்டேன். தங்கையைக் கேட்டுவிட்டுப் போடுகிறேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். உங்களைப் பற்றிய எல்லாம் அவளுக்கு முதலில் தெரியட்டும், பொறுத்துக்கொள்கிறேன். இந்த ஒன்று முதலில் எனக்குத் தெரியவேண்டும். அடுத்து உங்களுக்கு, என் வாயால். அதற்குப் பிறகு அவள் ஊருக்கே சொல்லட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கனமான எதையும் தனியாகத் தூக்க வேண்டாம். நானும் இப்போது தூக்குவதில்லை.

இப்படிக்கு,
உங்கள் பதிலுக்காக வாசலைப் பார்த்திருக்கும் மனைவி