பாஸ்குவோடு தீராத சர்க்கரை

சேசு மரி சூசை துணை

மேட்டுக்கொட்டாய்,
பாப்பாரப்பட்டி வழி.
5.10.86

அன்புள்ள மகன் இன்னாசிக்கும் மருமகள் செசீலிக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நாக்பூரில் நீங்கள் எல்லாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதுவதுதான் வழக்கம், ஆனால் இந்தத் தடவை அந்த வரியை எழுதினால் பொய் சொன்ன பாவம் வரும், அதனால் யார் யார் எவ்வளவு சுகம் என்று நீயே படித்துத் தெரிந்துகொள். உயிருக்கு யாருக்கும் ஒன்றும் இல்லை, பதறாதே. சின்னப்பன் மாமாவுக்கு இடது காலில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். என் கூடப்பிறந்தவன் காலை அந்தக் கதிக்குக் கொண்டுவந்ததில் உன் அப்பாவின் புத்திசாலித்தனத்துக்குப் பெரிய பங்கு உண்டு. நீ அனுப்பின ஆரஞ்சு பர்பிக்கும் கொஞ்சம் பங்கு உண்டு.

உன் அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி என்று பாப்பாரப்பட்டி டாக்டரம்மா சொன்னது இந்த வருஷம் தபசுகாலம் தொடங்குகிற சமயம், அது உனக்குத் தெரியும். இனிப்பு கூடாது, சோற்றைக் குறைக்கணும், தினமும் மாத்திரை, தினமும் நடை, இது ஆயுசுக்கும் கூடவே இருக்கிற வியாதி, அடக்கி வைக்கலாமே தவிர ஒழிக்க முடியாது என்று அந்தம்மா தெளிவாகத்தான் சொன்னாங்க. இவர் என்ன செய்தார் தெரியுமா, தபசுகாலத்தில் ஒருத்தர் கறியை விடுவார், ஒருத்தர் பீடியை விடுவார், இவர் சர்க்கரையை விட்டார். கோயிலுக்கு வந்தவர்களிடமெல்லாம் இந்த வருசம் ஒறுத்தலுக்கு நான் டீயில சீனியே போடறதில்லீங்க என்று சொல்லிச் சொல்லிப் பாராட்டு வாங்கினார். வியாதி என்று ஒருத்தரிடமும் மூச்சு விடவில்லை, பக்தி என்றுதான் பேர். பெரிய வெள்ளி வரைக்கும் ஒழுங்காகத்தான் இருந்தார், அதையும் சொல்ல வேண்டுமல்லவா. ஆண்டவர் உயிர்த்த பாஸ்கு அன்று பூசை முடிந்து வந்ததும் அதிரசத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஏங்க, என்னங்க இது என்றேன். தபசு முடிஞ்சிடுச்சில்ல, சர்க்கரையும் முடிஞ்சிடுச்சு, அத்தன நாள் ஒறுத்ததுக்கு ஆண்டவர் கண்ணு தொறக்காமயா போவாரு என்கிறார். ஆண்டவர் பாவத்தை மன்னிப்பார், அதிரசத்தை மன்னிப்பதாக எந்த ஞானோபதேசத்திலும் நான் படிக்கவில்லை. அன்றைக்கே மாத்திரையையும் நிறுத்திவிட்டார். குணமாகிவிட்டது என்று உனக்கு எழுதினார். நீயும் படித்த பிள்ளை, ரயில்வேயில் இருக்கிறாய், என்னை ஒரு வார்த்தை கேட்டாயா? பெட்டி நிறைய பர்பி அனுப்பிவிட்டு, அப்பாவை ரொம்பக் கட்டுப்படுத்தாதீங்கம்மா, ஆசைப்பட்டதைச் சாப்பிடட்டும் என்று எனக்கு உபதேசம் வேறு. அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பர்பி எடுக்கும்போதெல்லாம் எனக்கு வாசித்துக் காட்டினார் உன் அப்பா. நல்ல கூட்டணி.

ஆடி மாதம் டாக்டரம்மா என்னைச் சந்தையில் பார்த்து, உங்க வூட்டுக்காரர் ஏன் வர்றதே இல்லை, காலையில் முதல் மூத்திரத்தை ஒரு சுத்தமான புட்டியில் பிடித்து அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டாங்க. சோதிக்கிற விதம் நானே பார்த்ததுதான், கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி அதில் சில சொட்டு மூத்திரத்தை விட்டுக் கொதிக்க வைப்பார்கள், சர்க்கரை இல்லையென்றால் நீலம் நீலமாகவே நிற்கும், இருந்தால் பச்சையாகும், மஞ்சளாகும், ரொம்ப அதிகமாக இருந்தால் செங்கல் நிறத்துக்கு வந்துவிடும். நான் டானிக் புட்டியைச் சுடுதண்ணீரில் கழுவிக் கொடுத்தேன். இவரும் மறுபேச்சுப் பேசாமல் வாங்கிக்கொண்டு போனார். எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும், சொன்னதை உடனே கேட்கிற மனுஷனா அவர்? பஸ்ஸில் நேராகப் பாப்பாரப்பட்டிக்குப் போகாமல் வழியில் சின்னப்பன் கொட்டாயில் இறங்கி, தன்னுடையதைப் புளியமரத்துக்குக் கொட்டிவிட்டு, மாப்ளே கொஞ்சம் ஒன்னுது குடு என்று கேட்டு வாங்கி நிரப்பிக்கொண்டு போயிருக்கிறார். அவன் களி தின்று ஏர் ஓட்டுகிற உடம்பாம், அவனுடையது நீலமாக வந்தால் நான் வாயை மூடிக்கொள்வேனாம். அவனும் பெருமையாக, எளநீர் மாதிரி இருக்கும் மாமா, டாக்டரம்மாவே அசந்துடுவாங்க என்று சொல்லி ஊற்றிக் கொடுத்திருக்கிறான். இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. வயசு அறுபதைத் தொடுகிறது ஒருத்தருக்கு, இன்னொருத்தன் பேரன் எடுத்தவன்.

டாக்டரம்மா அசந்துதான் போனாங்க. குழாயில் செங்கல் நிறம். என்னை வரச்சொல்லி, என்ன தின்கிறார் இந்த மனுஷன், இப்படியே போனால் கண்ணும் கிட்னியும் காலும் போய்விடும் என்று திட்டி, மாத்திரையை இரண்டு மடங்காக எழுதிக் கொடுத்தாங்க. நான் வீட்டுக்கு வந்து பர்பிப் பெட்டியைத் தூக்கிக் குப்பையில் போட்டேன், அளந்து சோறு போட்டேன், பாகற்காயும் கீரையும் அவரைக்காயுமாகப் பொங்கினேன், மாத்திரையை என் கையாலேயே அவர் வாயில் போட்டு நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்தேன். திருடன் மாதிரி முழித்துக்கொண்டு எல்லாவற்றையும் விழுங்கினார். திருந்திவிட்டார் என்று மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினேன் பார், என்னைச் சொல்லணும். இங்கே யாருடைய மூத்திரமோ அதுக்கு மருந்து தின்றது உன் அப்பா. யாருடையதோ அவன் அங்கே வெல்லத்தைக் கடித்துக்கொண்டு களி தின்றுகொண்டிருந்தான். சிவப்பு வந்ததை அவனிடம் போய்ச் சொல்லித்தான் இருக்கிறார். இரண்டு மேதைகளும் உட்கார்ந்து யோசித்து என்ன கண்டுபிடித்தார்கள் தெரியுமா, சின்னப்பனுக்கே செகப்பு வருதுன்னா அந்த மருந்தே டுபாக்கூர், எல்லாத்துக்கும் செகப்புதான் வரும் என்று. நமக்கு இருக்கிறதோ என்று ஒரு நிமிஷம்கூட அவர்களுக்குத் தோன்றவில்லை, டாக்டரம்மாவுக்குத்தான் தெரியவில்லை என்று தோன்றியிருக்கிறது. ஆம்பளை மூளை.

இத்தனைக்கும் அவன் உடம்பு பறையடித்துச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. ஓயாமல் தண்ணீர் குடித்தான், வேலை செய்யற உடம்பு என்றான். ராத்திரியெல்லாம் எழுந்து எழுந்து வெளியே போனான், தண்ணி குடிச்சா போகாதா என்றான். வேட்டி இடுப்பில் நிற்காமல் இளைத்தான், தொப்பை போட்ட உன் அப்பாவைப் பார்த்துச் சிரித்தான். வேலமுள் உள்ளங்காலில் ஏறி ஒடிந்திருக்கிறது, அதைக்கூட அவன் வீட்டுக்காரி ராஜமேரிதான் பார்த்துச் சொல்லியிருக்கிறாள், எனக்குக் குத்தினதே தெரியல, நம்ம காலு அப்படி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். கேட்டவர்களும் ஆகா என்றார்கள், நானும்தான் என் தம்பி என்று சந்தோஷப்பட்டேன். முள் குத்தித் தெரியவில்லையென்றால் அது பலம் இல்லை, நரம்பு செத்துக்கொண்டிருக்கிறது என்று டாக்டரம்மா பின்னால் சொல்லித்தான் எங்களுக்கு விளங்கியது. அந்தப் புண்ணுக்கு மஞ்சளும் பீடிச் சாம்பலும் வைத்துத் துணியால் கட்டிக்கொண்டு சேற்றில் நடந்தான்.

ஆவணி கடைசியில் ஒரு சந்தை நாள், உன் அப்பா காலையில் மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு, வந்து சாப்பிடறேன் என்று வெறும் வயிற்றோடு போய்விட்டார். சந்தையில் கைகால் உதறி, சட்டை தெப்பமாக வேர்த்து, வாய் குழறி விழுந்திருக்கிறார். சாராயம் போட்டிருக்கிறார் என்று நினைத்துச் சுற்றி நின்று சிரித்திருக்கிறார்கள். துணிக்கடை கவுஸ் பாஷாதான், குடிக்காத மனுசன்பா இவரு என்று சொல்லி ஆள் பிடித்து டாக்டரம்மாவிடம் தூக்கிக்கொண்டு போனார், அவர் நன்றாக இருக்க வேண்டும். நான் ஓடிப்போகிறபோது டாக்டரம்மா குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டிருந்தாங்க. கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்கார்ந்தார். சர்க்கரை அதிகமாகி விழவில்லை, குறைந்துபோய் விழுந்திருக்கிறார், இன்னும் கொஞ்சம் போயிருந்தால் எழுந்திருக்கவே மாட்டார் என்றாங்க. அவ்வளவு செங்கல் நிறம் வந்தவருக்கு இந்த மாத்திரையில் இப்படி இறங்கக் கூடாதே என்று திரும்பத் திரும்பக் கேட்டாங்க. அப்போதுதான் தலையைக் குனிந்துகொண்டு, அது என்னுது இல்லீங்க, மச்சானோடதுங்க என்றார். டாக்டரம்மா வாயே திறக்கவில்லை. நான் திறந்தேன், என்ன சொன்னேன் என்று எழுதினால் இந்தக் கவரைத் தபால்காரர் தொட மாட்டார். அப்புறம் டாக்டரம்மாதான், அந்த மச்சான் இப்போ எங்கே, காலில் கீலில் புண் இருக்கா என்று கேட்டாங்க. முள் குத்தின கால் அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

அன்றைக்கே அவனை வண்டியில் போட்டுத் தர்மபுரி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கட்டை அவிழ்த்தால் சுண்டுவிரலும் அடுத்ததும் கறுத்து நாற்றம் எடுத்திருந்தது. இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் முழங்காலோடு போயிருக்கும் என்றார்கள். உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஒகேனக்கல்லில் பாறை பாறையாகத் தாண்டின கால் அது. ராஜமேரி வராண்டாவில் உட்கார்ந்து அழுகிறாள், உன் அப்பா கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், நான் அவரைப் பார்க்கவே இல்லை. இப்போது ஊசி போட்டுப் புண் ஆறி வருகிறது, வீட்டுக்கு வந்துவிட்டான், ஏர் பிடிக்கிறது சந்தேகம்தான். பார்க்க வருகிற சனம் என்ன கொண்டுவருகிறது தெரியுமா, ஆர்லிக்ஸ், திராட்சை, சாக்லேட். ஒருத்தி கருப்பட்டியில் சர்க்கரை கிடையாது என்று சத்தியம் பண்ணுகிறாள். களி எவ்வளவு வேணும்னாலும் தின்னலாம் என்கிறார் இன்னொருத்தர், களியும் உள்ளே போய்ச் சர்க்கரைதான் ஆகிறது, அதுக்கும் அளவு உண்டு என்று டாக்டரம்மா சொன்னதை நான் நாள் முழுக்கச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது.

இதையெல்லாம் எழுதக் கூசவில்லை. இனிமேல் எழுதப்போவதற்குத்தான் கை வரமாட்டேன் என்கிறது. போன வாரம் உன் அப்பாவை மறுபடி சோதனைக்குக் கூட்டிப்போனேன், மறைப்புக்கு வெளியே நானே காவல் நின்று அவருடையதையே வாங்கினேன். நீலம். என் பாகற்காயின் புண்ணியம். அவர் மார்பை நிமிர்த்திக்கொண்டார். வியாதி அடங்கித்தான் இருக்கிறது, போய்விடவில்லை, மாத்திரையை விடக் கூடாது என்று டாக்டரம்மா அடித்துச் சொன்னாங்க. அப்புறம் என்னைப் பார்த்து, சின்னப்பன் உங்க கூடப்பிறந்தவர்தானே, இது ரத்தத்தில் வருகிற வியாதி, நீங்களும் ஒரு தடவை கொடுத்துவிட்டுப் போங்கள் என்றாங்க. எனக்கு என்னங்க இருக்கு, நாள் பூரா வேலை செய்யறவ என்று நான் சொன்னேன். என் வாயில் சின்னப்பன் பேச்சே வந்தது. கொடுத்தேன். மஞ்சள், இன்னாசி. அவருக்கு நீலம், எனக்கு மஞ்சள்.

இரண்டு நாள் உன் அப்பாவிடம் சொல்லவில்லை. அவரை அத்தனை பேச்சுப் பேசின வாயால் எப்படிச் சொல்வது? பயமாகவும் இருந்தது, சின்னப்பன் கால் கண்ணிலேயே நின்றது. மூன்றாம் நாள் ஜெபமாலை முடிந்ததும் சொல்லிவிட்டேன். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. நல்லா யோசிச்சுப் பாரும்மா, புட்டியில இருந்தது ஒன்னுதுதானா என்று கேட்டார். எல்லாரையும் உங்களை மாதிரியே நினைச்சீங்களா என்று கத்தினேன். எழுந்து மாட்டுக்கொட்டகைப் பக்கம் போனவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். மறுநாள் விடிந்ததும் புட்டியை அவரே கழுவி எடுத்துக்கொண்டு, இன்னொரு தடவை பாத்துடலாம் வாம்மா என்று கூட்டிப்போனார். இந்தத் தடவை மறைப்புக்கு வெளியே காவல் நின்றது அவர். மறுபடியும் மஞ்சள்தான். வரும்போது பஸ்ஸில் என் பையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

நீ என் பிள்ளை, சின்னப்பனுடைய மருமகன், உன் அப்பாவின் மகன், மூன்று பக்கமும் மாட்டிக்கொண்டிருக்கிறாய். நாற்காலியில் உட்கார்ந்த வேலை, நாளைக்கு ஏழெட்டு டீ, அதிலே மூன்று கரண்டி சீனி என்று செசீலி எழுதியிருந்தாள். ரயில்வே ஆஸ்பத்திரியில் போய்ச் சோதித்துவிட்டு எனக்கு எழுது. உனக்கு ஒன்றும் இல்லை என்று உன் மூஞ்சியை வைத்து நீயே முடிவு பண்ணாதே. தினமும் படுக்கும் முன் உள்ளங்காலைப் பார், செருப்பில்லாமல் நடக்காதே. இனிமேல் இந்த வீட்டுக்குப் பர்பி வந்தால் வந்த பார்சலிலேயே திருப்பி அனுப்புவேன். மருமகளுக்கும் பிள்ளைகளுக்கும் என் முத்தங்கள், ஜெபமாலை மாதா உங்கள் தலைமேல் கை வைத்துக் காக்கட்டும், கிறிஸ்துமஸுக்கு லீவு போட்டு வாருங்கள், மாமா உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறான்.

ஆஸ்பத்திரியில் புட்டி கொடுப்பார்கள் இன்னாசி, அதில் உன்னுடையதையே கொடு.

இப்படிக்கு,
உன் அம்மா
மிக்கேலம்மாள்