ரெண்டு விரக்கடை

மார்ச் 3, செவ்வாய்

காலை எட்டு மணிக்கே வெயில் சுள்ளுன்னு. வீக்லி ஆஃப். கடலூர் போய் அப்பா துப்பாக்கியோட கட்டையை வாங்கி வந்தாச்சு.

அப்பா போய் எட்டு மாசம். லைசென்ஸ் என் பேருக்கு மாறுற வரைக்கும் துப்பாக்கி கடலூர் கடையில டெபாசிட். தோளில் வைக்கிற மரக்கட்டையில விரிசல், சரி பண்ணி வைக்கறேன்னு கேட்டேன். கடைக்காரர் குழலையும் விசையையும் கழட்டி உள்ள பூட்டிட்டு, "வெறும் மரம் தானே சார், இத வச்சு யாரைச் சுடப் போறீங்க"ன்னு குடுத்துட்டார். பஸ்ஸுல மடியில வச்சு, பேப்பர் சுத்தி. பக்கத்து சீட்டுக்காரர்: "கிரிக்கெட் பேட்டா?" ஆமான்னுட்டேன். தவக்காலத்துல ஒரு பொய்.

வேலை:
– விரிசலுக்குப் பசை, கிளாம்ப்
– பழைய வார்னிஷ் முழுக்க எடுக்கணும்
– நீளம் கூட்டணும்
– 16ந்தேதி திங்கள், கலெக்டர் ஆபீஸ். மனு, அக்கா கையெழுத்துப் போட்ட ஆட்சேபணை இல்லைக் கடிதம், ஜெராக்ஸ் 3 செட்

அளவு எடுத்தேன். விசை இருந்த இடத்துலேர்ந்து பின்முனை வரைக்கும் 12½ இஞ்ச். முழங்கை மடிப்புல பின்முனையை வச்சா விரல் சரியா விசைக்கு எட்டணும், அதான் கணக்கு. எனக்கு 14 வேணும். அப்பா என்னை விட உயரம். இந்தக் குட்டைக் கட்டைய வச்சுக்கிட்டு எப்படித்தான் சுட்டாரோ. அந்தக் காலத்து ஆளுங்க எதையும் சமாளிப்பாங்க.

இன்னும் பத்து மாசத்துல ரிட்டயர்மென்ட். அதுவரைக்கும் ஆஃப் அன்னிக்கு ஊருக்குப் போய், அக்கா பாக்கற கடலைக் கொல்லையில உக்காரலாம். மல்லாட்டை காய் புடிக்கிற நேரம், பன்னி தோண்டித் தள்ளுதாம். அக்கா தனியா தகரம் தட்டிக்கிட்டு இருக்கு. மேல பாத்து ஒரு வெடி போட்டா போதும், ஓடிடும். அப்பா அதைத்தான் பண்ணுவார். கொல்லறது கிடையாது.

ஸ்டெல்லாகிட்ட சொன்னேன். அரிசி களைஞ்சுகிட்டே கேக்கறா: "பன்னி என்ன உங்க வீக்லி ஆஃப் பாத்தா வரும்?"

பொண்டாட்டி வாய்க்கு மட்டும் லைசென்சே வேணாம்.

மார்ச் 4, புதன்

ஃபர்ஸ்ட் ஷிஃப்ட். மூணு மணிக்கு வந்து, கொய்யா மரத்தடியில ஸ்டூல் போட்டு உப்புத்தாள் தேய்ச்சேன். கட்டையோட வலப்பக்கம் ஒரு உள்ளங்கை அகலத்துக்குக் கருப்பா, எண்ணெய் ஏறி வழவழன்னு ஒரு திட்டு. விடவே மாட்டேன்னுச்சு. எண்பதாம் நம்பர் தாள் போட்டு ஒரு மணி நேரம். போயிடுச்சு. இப்ப ரெண்டு பக்கமும் ஒரே மஞ்சள். அழகு.

கேன்டீன்ல முருகேசன்கிட்ட அப்பா பெருமை பேசியாச்சு. முருகேசன் பேட்டர்ன் ஷாப், வார்ப்புக்கு மர அச்சு செய்யறவன், மரம் தெரிஞ்சவன். "ஒரே வெடி, பத்து பன்னி, பத்து தெசைக்கு ஓடும்"ன்னேன். "போன வாரம் அஞ்சு பன்னின்னியே"ன்றான். காஞ்ச பலாத்துண்டு ஒண்ணு தர்றேன்னான், அவங்க பண்ருட்டி வீட்டுக் கதவு செஞ்சதுல மிச்சம்.

பல் வலி. கிராம்பு.

மார்ச் 5, வியாழன்

பலாத்துண்டு ஒட்டியாச்சு. ஒன்றரை இஞ்ச். உள்ள ரெண்டு மர ஆணி, சுத்தி கயிறு கட்டி இறுக்கி வச்சிருக்கேன். பின்முனைத் தகட்டைக் கழட்டினப்ப அடியில ரம்பம் போட்ட தடம். அதுவும் கோணலா. யாரோ ஹேக்சா பிளேடால வெட்டியிருக்காங்க. அப்ப இது பொறக்கும்போதே குட்டை இல்ல.

யார் வெட்டினது? எதுக்கு?

சாயந்திரம் பீரோ கண்ணாடி முன்னாடி தோள்ல வச்சுப் பாத்துக்கிட்டு நின்னேன். குழல் இல்லாத துப்பாக்கி. ஸ்டெல்லா பின்னாடி வந்து, "வயித்த உள்ள இழுங்க, பன்னி சிரிக்கும்"னுட்டுப் போறா.

மார்ச் 6, வெள்ளி

தூங்கல. இதை ஒழுங்கா எழுதி வைக்கணும்.

காலையில கன்வேயர்ல ஒரு ரோலர் கழட்டினோம். ஒரு ஓரம் மட்டும் தேய்ஞ்சிருந்தது. கான்ட்ராக்ட் ஆளுங்ககிட்ட வழக்கமான பிரசங்கம்: "தேய்மானத்தத் தொடச்சுத் தூரப் போடாதீங்கப்பா, மொதல்ல படிங்க. பெல்ட் எந்தப் பக்கம் இழுத்துச்சுன்னு அது சொல்லும்." முப்பத்திமூணு வருஷமா சொல்ற பிரசங்கம். சொல்லிட்டு டீ குடிக்கும்போது பொறி தட்டுச்சு. அந்தக் கருப்புத் திட்டு.

அது அழுக்கு இல்ல. கன்னம் பட்ட இடம். வேர்வையும் எண்ணெயும் வருஷக்கணக்கா ஏறின இடம்.

வலது தோள்ல வச்சா கன்னம் கட்டையோட இடப்பக்கம் படும். திட்டு இருந்தது வலப்பக்கம். வீட்டுக்கு வந்து கட்டையை இடது தோளுக்கு மாத்திப் பாத்தேன். கன்னம் போய் கரெக்டா அங்கதான் உக்காருது.

அப்பா சோத்துக் கைக்காரர். எங்க வீட்டுல பீச்சாங்கை ஒரே ஒரு ஆளுக்குத்தான்.

பிலோமினா அக்கா. அந்தக் கையால சாப்பிட்டதுக்கு அப்பாகிட்ட எத்தனை அடி வாங்கியிருக்கு. உபதேசியார் முன்னாடி பீச்சாங்கையால சிலுவை போட்டதுக்கு வீட்டுக்கு வந்து தனி அடி. நான் பாத்துக்கிட்டு சோத்துக் கையால சாப்பிட்டுக்கிட்டு இருப்பேன்.

கோயில்ல சிலுவைப்பாதை. பதினாலு ஸ்தலமும் சுத்தி வந்தேன். ஒண்ணும் மனசுல நிக்கல. ஞாயிறு ஊருக்குப் போகணும்.

மார்ச் 8, ஞாயிறு

லீவு போட்டாச்சு. பண்ருட்டி பஸ், அங்கேர்ந்து ஷேர் ஆட்டோ. கேட்டுக்குள்ள நுழைஞ்சதும் அக்கா வளக்கற ஆம்பள வான்கோழி செறக விரிச்சுக்கிட்டுத் துரத்துது. ஐம்பத்தேழு வயசுல ஒரு கோழிக்குப் பயந்து மோட்டார் கொட்டகைக்குள்ள ஓடினேன். அக்கா சிரிச்சு மாளல. "அதான்டா என் வாச்மேன். பன்னி வந்தா அது தான் மொதல்ல கத்தும்."

கொல்லையைக் காட்டுச்சு. வடக்கு ஓரம் மூணு பாத்தி, புல்டோசர் விட்ட மாதிரி. பிஞ்சுக் காயெல்லாம் மண்ணோட மண்ணா. மாமா போன பின்னாடி அக்கா ஒண்டியா பாக்கற நிலம் இது. பாதி வெள்ளாமை போச்சுன்னா அது என்ன பண்ணும்? எனக்கு மாசாமாசம் சம்பளம்.

கேட்டுட்டேன். "அக்கா, துப்பாக்கிய சுட்டது யாரு?"

மல்லாட்டைச் செடிய ஒதறிக்கிட்டே இருந்துச்சு. அப்பறம், "எதுக்கு இப்ப?"

"கட்டையில பீச்சாங்கைத் தடம் இருந்துச்சு."

"இருந்துச்சா?"

"நான் தேய்ச்சு எடுத்துட்டேன்."

செடியக் கீழ போட்டுட்டு வரப்புல உக்காந்துச்சு. சொன்னதை அப்படியே எழுதறேன்:

"முந்திரிக் கொட்டை வறுக்கற எடத்துல அப்பாவுக்கு எண்ண தெறிச்சுதே, வலக்கண்ணுல. நீ அப்ப ஐ.டி.ஐ. ஆஸ்டல்ல இருந்த. ஆறிடுச்சுன்னு ஒனக்குக் கடுதாசி போட்டாரு. ஆறல. வெளிய பாக்க நல்லாத்தான் இருக்கும், உள்ள பார்வ போயிடுச்சு. கண்ணு போச்சுன்னு தெரிஞ்சா லைசென்ச புடுங்கிடுவாங்கன்னு மூடி மறைச்சிட்டாரு. அவருக்கு இடப்பக்கம் வச்சு சுட வரல. எனக்கு வந்துச்சு. அதான்."

"எத்தன வருஷம்?"

"அவரு போற வரைக்கும். நான் சுடுவேன். அவரு தூக்கிகினு வூட்டுக்கு வருவாரு. அக்கம்பக்கத்துக் கொல்லக்காரங்களுக்கெல்லாம் தெரியும். ஒனக்குத் தெரிஞ்சா டவுன்ஷிப்புல சொல்லிகினு திரிவன்னு தான் சொல்லல."

கேன்டீன் ஞாபகம் வந்துச்சு. அப்பா ஆளைத் தெரிஞ்சுதான் வச்சிருக்கார்.

"அந்தக் கையால சோறு தின்னா அடி. அந்தக் கையால சுட்டா, மவராசி மவராசின்னுவாரு." சொல்லும்போது சிரிச்சுச்சு. எனக்குச் சிரிக்க வரல.

"அப்ப ஏன்க்கா கையெழுத்துப் போட்ட? எனக்கு வேணும்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாது?"

"நீ எழுதியே எடுத்துகினு வந்தியேடா. ஆட்சேபணை இல்லைன்னு டைப் அடிச்சு, நான் போட வேண்டிய எடத்துல பென்சில்ல புள்ளி வச்சு. அப்பறம் என்னாத்தக் கேக்கறது?"

உண்மை. புள்ளி வச்சேன்.

திரும்பி வரும்போது ஒரு பை மல்லாட்டை குடுத்துச்சு. பன்னி விட்டது.

மார்ச் 10, செவ்வாய்

மேகமூட்டம், மழை இல்ல. இதையெல்லாம் நோட்டுல எழுதலாமான்னு ஒரு பயம். லைசென்ஸ் இல்லாம சுட்டது குத்தம்தானே. இந்த நோட்டை யார் படிக்கப் போறா. ஸ்டெல்லா மளிகை லிஸ்டையே படிக்க மாட்டா.

அசிங்கமா இருக்கு. வாரத்துல ஒரு நாள் போய்க் கட்டில் போட்டு உக்காந்து, ரெண்டு வெடி போட்டுட்டு, மறுநாள் கேன்டீன்ல கதை சொல்றதுக்கு எனக்குத் துப்பாக்கி. ஆறு நாள் அங்க தகரம் தட்டறதுக்கு அக்கா. இதை ஸ்டெல்லா முதல் நாளே ஒரே வரியில சொன்னா. எனக்குத்தான் ஏறல.

ஆனா ஆசையும் போகல. அதையும் எழுதணும். ரிட்டயர் ஆனா குவார்ட்டர்ஸ் போகும், ஷிஃப்ட் போகும், ஐ.டி. கார்டு போகும். அப்பா துப்பாக்கியாவது கையில இருக்கும்னு நெனச்சேன். இப்பப் பாத்தா அது அப்பா துப்பாக்கியே இல்ல.

மார்ச் 12, வியாழன்

கடைக்காரருக்கு போன். அக்கா பேருக்கு மாத்த முடியுமான்னு கேட்டேன். "தாராளமா. அவங்களும் வாரிசு தானே. நீங்க ஆட்சேபணை இல்லைன்னு எழுதிக் குடுங்க. ஆனா புதுசா எடுக்கறவங்க சுடறதுக்குப் பயிற்சி எடுத்த சர்ட்டிபிகேட் வைக்கணும் சார். பரவால்லையா, வயசானவங்க, கத்துக்குவாங்களா?"

கத்துக்குவாங்கன்னு சொன்னேன்.

ஒட்டின பலாத்துண்டை ரம்பம் போட்டு எடுத்துட்டேன். ஒன்றரை இஞ்ச் முழுசா. பழைய தடத்துலயே வந்துச்சு வெட்டு. எடுத்த துண்டைக் கையில வச்சுத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டு இருந்ததை ஸ்டெல்லா பாத்துட்டா. அவ ஒண்ணும் கேலி பண்ணல. மோர் கொண்டாந்து வச்சுட்டுப் போனா.

ரெண்டு கோட்டு ஆளிவிதை எண்ணெய். பழைய மனு கிழிச்சாச்சு. புதுசு கையாலேயே எழுதினேன்: என் மூத்த சகோதரி பெயருக்கு மாற்றித் தருவதில் எனக்கு எவ்வித ஆட்சேபணையும் இல்லை. என் கையெழுத்து. புள்ளி வைக்கல.

நல்ல காரியம் பண்ணின மாதிரி ஒரு மெதப்பு. ராத்திரி சாப்பாடு ரெண்டு தட்டு.

மார்ச் 15, ஞாயிறு

இன்னிக்கும் லீவு. பூசை முடிஞ்சு நேரா ஊருக்கு. வான்கோழிக்கு ஒரு பிடி பொட்டுக்கடலை லஞ்சம். விட்டுடுச்சு.

கடிதத்தைக் குடுத்தேன். அக்கா கண்ணாடி போட்டு ரெண்டு தரம் படிச்சு மடிச்சு வச்சுக்கிச்சு. பயிற்சி விஷயம் சொன்னதும், "எனக்குக் கத்துக் குடுக்கப் போறாங்களா? வரட்டும் வரட்டும்"னு கொல்லையே அதிர ஒரு சிரிப்பு. இந்தச் சிரிப்ப நான் கேட்டே பல வருஷம் ஆச்சு.

அப்பறம் கட்டையைப் பிரிச்சுக் குடுத்தேன். முந்தானையில கையத் தொடச்சுட்டு வாங்குச்சு. யோசிக்கவே இல்ல, நேரா இடது தோளுக்குப் போச்சு. வலக்கண்ணு மூடுச்சு. குழல் இல்லாத கட்டைய வடக்கு ஓரத்துக்கு நீட்டிக்கிட்டு நிக்குது. அறுபத்தோரு வயசு. கால் ரெண்டும் மண்ணுல ஊணினது ஊணினபடி. நான் கண்ணாடி முன்னாடி நின்னது ஞாபகம் வந்து வெக்கமா போச்சு.

"பழைய மாதிரியே ஆக்கிட்டேன்க்கா. ஒரு நூல் கூட வித்தியாசம் இல்ல"ன்னேன். பெருமையாத்தான் சொன்னேன்.

கட்டைய எறக்கி என்னைப் பாத்துச்சு. "ஏன்டா ஆக்கின?"

"உனக்காகத்தான்."

"ஒரு விரக்கடை, இந்த ஒத்த வெரல் அகலம், வெட்டச் சொன்னேன் அன்னிக்கு. அவருக்கு ஒத்தக் கண்ணு, கணக்குத் தப்பிடுச்சு. ரெண்டு விரக்கடை எடுத்துட்டாரு. நாப்பது வருசமா கழுத்த ஒடிச்சிகினு சுட்டேன்டா நான். இந்தா பாரு." வலது தோளை விட இடது தோள் இறங்கித்தான் இருக்கு. இது வரைக்கும் நான் பாத்ததில்ல. "நீ நீட்டி வச்சிருக்கன்னு ஆட்டோக்காரன்கிட்ட கூட சொல்லிட்டியாம். இப்ப கடுதாசியப் படிச்சதும், சரி, நீட்டினதுல கொஞ்சம் கொறச்சுக் குடுப்பன்னு நெனச்சேன். நீ அப்பாவுக்கு மேல. ஒரு வார்த்த கேட்டியா?"

கேக்கல. ரெண்டாவது தரமும் கேக்கல.

பைக்குள்ள டேப் இருந்துச்சு. எப்பவும் இருக்கும். அக்காவை வரப்புல உக்கார வச்சு, கைய மடக்கச் சொன்னேன். "எந்தக் கைடா?"ன்னு கேட்டுச்சு, வேணும்னே.

பிலோமினா அக்கா. பீச்சாங்கை. முழங்கை மடிப்புலேர்ந்து விரல் வரைக்கும் 13 இஞ்ச் 2 நூல்.