ஐஸ் கம்பெனித் தூசி

ஐப்பசி 14, வியாழன்

ஆய்வுக்கூட அறிக்கை இன்று வந்தது. கீழக்கரையில் மூடிக்கிடக்கும் ஐஸ் கம்பெனியின் குழாய்களின் மேல்பூச்சிலிருந்து உதிரும் வெள்ளைத் தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் இல்லை. வெறும் சுண்ணாம்பும் தேங்காய் நாரும்தான்.

கட்டடத்தை இடிக்குமுன் ஆபத்து உண்டா என்று பார்க்கப் போன வாரம் போயிருந்தேன். உள்ளே கருவாட்டு மூட்டை வைக்கும் ரஹ்மத், அந்தத் தூசியைத் தினமும் பெருக்குவதாகச் சொன்னாள். "இது ஆஸ்பெஸ்டாஸா இருந்தா நுரையீரலே போயிரும்" என்று பட்டென்று சொல்லிவிட்டேன். அவளுக்குக் கைக்குழந்தை இருப்பது எனக்குத் தெரியாது.

மத்தியானம் அவள் வீட்டுக்கே போய் விஷயத்தைச் சொன்னேன். அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அல்ஹம்துலில்லாஹ். எம்மேல உள்ள தூசி ஒட்டிருமோன்னு ஒரு வாரமா புள்ளயத் தூக்கவே இல்ல மேடம். உம்மாகிட்டதான் கெடந்துச்சு."

அன்றைக்குக் கொஞ்சம் பதமாகச் சொல்லியிருக்கலாம்.

கூரை ஷீட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறது. உடையாததால் இப்போதைக்குப் பயமில்லை. உடைந்தால் தூசி பறக்கும்; நனைத்து, முழுசாக இறக்க வேண்டும். இடிக்க வருகிறவர் கேட்பாரா, தெரியவில்லை.

ஷீட்டுகளை இறக்கி முடிக்கும்வரை உள்ளே போக வேண்டாம் என்று சொல்ல, ராத்திரி சாப்பிட்டபின் ரஹ்மத்தை போனில் கூப்பிட்டேன்.

"சரி மேடம், போகல. மெதுவாப் பேசுங்க, புள்ள எம்மேல படுத்துத் தூங்குது" என்றாள்.